கதவுப்பக்கத் தையல்

முதலில் கெடுதல் செய்தது சுகிர்தம் டீச்சர்தான். வேதமாணிக்கத்தின் மனதில் வரிசையாக நிற்கிற ஆட்கள் பலர் உண்டு. எல்லைப் பலாமரத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டி விற்ற அண்ணன் தேவாசீர்வாதம் உண்டு, தேயிலை ஃபேக்டரியில் மூட்டை வாய் தைக்கிற வேலையை விட்டு ஒரு நாளும் அவரை மேலே ஏற விடாத சூப்பர்வைசர் உண்டு, மனைவி கனகமணிக்கு நெஞ்சில் கட்டியிருந்ததை வெறும் சளி என்று சொல்லிச் சிவப்பு மருந்து கொடுத்து அனுப்பிய கம்பவுண்டர் உண்டு. இருந்தாலும் வரிசையின் தலையில் நிற்பது டீச்சர். கனகமணியைக் கதவுப் பக்கத்தில் உட்கார வைத்தது அந்தம்மாதான். குன்னூரில் கதவுப் பக்கம் என்றால் என்னவென்று மலையில் ஒரு மழைக்காலம் இருந்தவனுக்குத் தெரியும். மூடிய கதவுக்கு அடியிலேயே காற்று வரும், பாம்பு மாதிரி தரையோடு தரையாக வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டு முழங்காலுக்கு ஏறும், அங்கிருந்து முதுகுக்கு. இப்போது அவருடைய முதுகுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அதே முக்காலி, அதே கதவு. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சின்ன ஹாலில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒட்டுப்போர்வைச் சங்கம் கூடுகிறது. கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய போர்வை, மேலே பல வீட்டுத் துணிகளைத் துண்டு துண்டாக ஒட்டிய முகம், நடுவில் பழைய கம்பளி, அடியில் ஒரே நிறத்தில் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க நாலு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து ஓட்டுத்தையல் போடுவார்கள். முடிந்த போர்வை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும், ஆளில்லாமல் கிடக்கிற நோயாளிகளுக்கு. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி செத்துப்போனால் அவள் சட்டத்தில் விட்டுப்போன இடத்தை அவள் வீட்டு ஆள் வந்து தைத்து முடிக்க வேண்டும். அந்தப் போர்வை சட்டத்திலிருந்து இறங்குகிற வரைக்கும் அவள் முக்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மகள் வருவாள், மருமகள் வருவாள், தங்கச்சி வருவாள். கனகமணிக்கு மகள் இல்லை. ஓசூரில் இருக்கிற மருமகள், "மாமா, எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது" என்று போனில் சொல்லிவிட்டாள். அதனால் வேதமாணிக்கமே வந்தார். ஒரு ஆம்பிளை ஊசியும் கையுமாக வந்து நின்றதும் அத்தனை பேரும் சால்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதையும் அவர் மறக்கவில்லை. இன்றைக்குப் போர்வை இறங்குகிறது. அவர் பக்கத்தில் ஒரு சாண்தான் மிச்சம், மற்ற மூன்று பக்கமும் முடிந்துவிட்டது. இன்றோடு அவருக்கு இங்கே வேலை இல்லை. அதனால்தான் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்தார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. டீச்சர், அவளை ஏன் கதவுப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். இதைக் கேட்டுவிட்டு, அந்தம்மா என்ன சொல்லித் தப்பிக்கிறது என்று பார்த்துவிட்டு, எழுந்து போய்விட வேண்டும்.

ஆனால் வாய் வரவில்லை. கேள்வி வாய்க்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப் போகிறது. எதிர்ப்பக்கத்தில் லில்லி புஷ்பம் பேசிக்கொண்டே இருக்கிறாள், அவள் பேச்சுக்கு நடுவே ஊசி முனை நுழைகிற இடம்கூட இல்லை. தபால் ஆபீஸ் பக்கம் வீடு வாங்கியவன் யானை வரும் என்று தெரியாமல் வாழை வைத்த கதை, அடுத்த தெருக்காரியின் நாத்தனார் கதை. பக்கத்தில் மைமூன் பீவி, பஸ் ஸ்டாண்டில் கம்பளிக் கடை வைத்திருக்கிறவர், எல்லாவற்றுக்கும் ம்ம் போடுகிறார். "வேதண்ணே, என்ன ஒரே தியானம்" என்றாள் லில்லி. "தையலா ஜெபமா." மைமூன் பீவி, "விடு புள்ள, அவரு தைக்கிறதப் பாத்தா போர்வைக்குள்ள தேயிலை வச்சுத் தைக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தது. சிரிக்கட்டும். மூட்டை தைத்த கைதான் இது. கோணி ஊசியும் சணலும் பிடித்த கை. மூட்டையில் முடிச்சு மேலே இருக்க வேண்டும், லாரியில் ஏற்றுகிறவன் தடவிப் பார்த்து வாய் கட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போர்வையில் முடிச்சை உள்ளே இழுத்துக் கம்பளிக்குள் ஒளித்துவிட வேண்டுமாம். முதல் நாள் டீச்சர் சொல்லிக் கொடுத்தது. "முடிச்சு தெரிஞ்சா நோயாளி முதுகுல உறுத்தும்ணே." அவருக்கு அது வரவில்லை. இழுத்தால் நூல் அறுகிறது, அல்லது முடிச்சு துணியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுருங்குகிறது. கனகமணிக்கு எப்படித்தான் வந்ததோ. அவள் கை சின்னக் கை. குளிர் நாளில் இங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் வைப்பாள், அவர் திடுக்கிட்டுத் திட்டுவார், அவள் சிரிப்பாள். கடைசி மழைக்காலத்தில் அந்தக் கை மீன் மாதிரி இருந்தது. இத்தனை குளிரில் ஏன் போகிறாய் என்றால், போகாவிட்டால் என் இடம் அப்படியே நிற்கும், மற்றவர்கள் பக்கம் முன்னால் போய்விடும் என்பாள். கதவுப் பக்கம் உட்காராதே என்றால், டீச்சர் சொன்ன இடம் என்பாள். டீச்சர் சொன்னது, டீச்சர் சொன்னது. பிறகு இருமல். பிறகு சிவப்பு மருந்து. பிறகு மூச்சு இழுக்கிற சத்தம், ஃபேக்டரியில் பெல்ட் அறுகிறதுக்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது. அந்தச் சத்தத்தை வேதமாணிக்கம் ஆயுசு முழுக்கக் கேட்டவர், எதற்கு முன்னால் வருகிற சத்தம் என்று தெரிந்தவர், ஆனாலும் அன்றைக்குத் தெரியாத மாதிரி காப்பி போட்டுக்கொண்டு வந்தார். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. அதை யார் எடுத்துக் கொட்டியது என்று இப்போதும் தெரியவில்லை. வந்திருந்த கூட்டத்தில் யாரோ ஒருத்தி கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்திருந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகும் டீச்சர் இருந்தது. சுவரோரம் நின்றுகொண்டு சொன்னது: "மனசத் தேத்திக்குங்கண்ணே. கனகம்மா எங்கயும் போயிடல. அவங்க தையல் எத்தனை பேரு மேல கிடக்குது தெரியுமா. இப்பக்கூட எவனோ ஒருத்தன் அவங்க தையலைப் போத்திக்கிட்டுத் தூங்குறான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதங்கள் ஓடின. டீச்சர் மேல் கோபம் போகவில்லை, ஆனால் அந்தச் சொல் வேறு, டீச்சர் வேறு. வீட்டில் அவள் கை பட்டது என்று ஒன்றும் நிற்கவில்லை. மருமகள் வந்தபோது வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய தலையணை, கந்தல் சட்டை, அவள் ஓரம் அடித்த திரைச்சீலை எல்லாவற்றையும் சேர்த்து ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டாள். நோய் இருந்த வீடாம், கிருமியாம். நல்ல சேலைகளைச் சாவதற்கு முன்பே கனகமணி சங்கத்துக்குக் கொடுத்திருந்தாள், அவை துண்டுகளாகி இந்தச் சட்டத்திலேயே அங்கங்கே இருக்கின்றன. அதோ அந்தக் கத்தரிப்பூ நிறத் துண்டு ஈஸ்டருக்கு எடுத்த சேலை. அதைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. சேலை எவனோ நெய்து கடைக்காரன் விற்றது. தையல்தான் அவள் செய்தது. ஊசி போய் வருகிற ஒவ்வொரு முறையும் அவள் ஒரு மூச்சு விட்டிருப்பாள் அல்லவா. முதல் நாள் டீச்சர் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் காட்டியது. "இது வரைக்கும் அவங்க போட்டது. இங்கேர்ந்து நீங்க." கோட்டுக்கு இடது பக்கம் கனகமணி, வலது பக்கம் வேதமாணிக்கம். சாக்குக்கோடு அடுத்த வாரமே அழிந்துபோயிற்று, அவருக்கு அது தேவையும் இல்லை. இடது கையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் வலது கையால் தைப்பார். பொடிப்பொடியாக, எறும்பு வரிசை மாதிரி, விரல் நுனிக்குக் கீழே அவள் தையல் ஓடும். கண்ணை மூடினாலும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று சொல்ல மாட்டார், அந்த மாதிரிப் பேச்செல்லாம் அவருக்கு வராது. ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனால் கால் தானாகச் சர்ச் மேட்டுக்கு ஏறும். சீக்கிரம் முடிக்கக் கூடாது என்று மெதுவாகத் தைத்தார். மற்றவர்கள் பக்கமெல்லாம் முடிந்து அவர் பக்கம் மட்டும் பின்தங்கி நின்றதற்குக் கிழவனுக்குக் கை ஓடவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். இப்போதும் இடது கை அங்கேதான் இருக்கிறது. வலது கை ஊசியை எடுக்கிறது. போன வாரம் விட்ட இடம் எது. மஞ்சள் துண்டு. மஞ்சள் துண்டில் போன வாரம் விரலில் ஊசி ஏறி ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது, யாரும் பார்ப்பதற்குள் எச்சில் தொட்டுத் துடைத்தார், போகவில்லை, மிளகு அளவுக்கு ஒரு கறை. அந்தக் கறைக்குப் பக்கத்திலேயே நூல் தீர்ந்து முடிச்சுப் போட்டார், மூட்டை முடிச்சு, உள்ளே இழுக்க வரவில்லை, அப்படியே மேலே விட்டார். கறை இருக்கிறது. முடிச்சு இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கறை இருக்கிறது. கறைக்கு மேலேயே ஒரு தையல் போகிறது, பொடியாக, சீராக, அவர் கைக்கு வரவே வராத தையல். அதற்கு முந்தின வாரம் கோணி நின்ற பச்சைத் துண்டைத் தேடினார். கோணல் இல்லை. அதற்கு முந்தினது. அங்கேயும் எறும்பு வரிசை. மனம் ஒரு நிமிஷம் வேறு பக்கம் ஓடிற்று. நமக்குத்தான் தலை கெட்டுவிட்டதோ. அப்பாவுக்குக் கடைசியில் அப்படித்தான் ஆயிற்று, சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்பார், செத்துப்போன பசுவுக்குப் புல் அறுக்கக் கிளம்புவார். தைத்ததாக நினைத்துக்கொண்டு தைக்காமல் போனோமா. நன்றாகத் தைக்கப் பழகிவிட்டு, பழகியதை மறந்துவிட்டோமா. அப்படியும் ஒருவன் ஆவானா. காலையில் அடுப்பை அணைத்தோமா என்று ஒரு பயம் வந்தது, அணைத்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் முடிச்சுப் போட்டதும் இப்படித்தானே ஞாபகம் இருக்கிறது. எதிரே லில்லி புஷ்பம் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஹாலின் பின்பக்கம் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தது. "என்னண்ணே தேடுறீங்க." "என் முடிச்சு." சொல்லிவிட்ட பிறகு அது பைத்தியக்காரன் பேச்சு மாதிரி அவருக்கே கேட்டது. லில்லி மைமூன் பீவியைப் பார்த்தாள், அவர் குனிந்துகொண்டார். லில்லி குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. டீச்சர் பிரிச்சுருப்பாங்க. நாம போனதுக்கப்புறம் உக்காந்து சரியில்லாத தையல மட்டும் பிளேடால பிரிச்சுட்டு, அவங்களே போட்டு வச்சுருவாங்க. யாருக்கும் சொல்றதில்ல. வயசானவங்க மனசு நோகக் கூடாதுல்ல. உங்களுக்கு மட்டுமா, கண்ணு மங்கின எல்லாருக்கும்தான். கனகக்காவுக்கும் செய்யலையா, எத்தனை நாளா." மைமூன் பீவி, "லில்லி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். லில்லி வாயை மூடிக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

இடது கையை எடுத்தார். சுட்டதுபோல எடுத்தார் என்று சொல்வதற்கில்லை, மெதுவாகத்தான் எடுத்தார், எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வாரம் அது யார் கையைத் தடவிக்கொண்டிருந்தது. டீச்சர் கையை. டீச்சர் இந்த ஹாலில் தனியாக உட்கார்ந்து, விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, பிளேடு முனையைத் தையலுக்கு அடியில் கொடுத்து, டக், டக், டக் என்று அவளை அறுத்து அறுத்து எடுத்திருக்கிறது. ஒரு வாரம் முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்து, இருமிக்கொண்டு மேடு ஏறி, இந்தக் காற்றில் உட்கார்ந்து போட்டது. எத்தனை நாளாக என்றாளே லில்லி. எத்தனை நாள். கண்ணில் புரை விழுந்த பிறகா, கை நடுங்க ஆரம்பித்த பிறகா, அப்படியென்றால் கடைசி இரண்டு வருஷமும். அப்படியென்றால் அவளுக்குத் தெரியுமா. இந்த இடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது மனது, முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி, இழுக்க இழுக்கக் கிழிந்தது. ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்ததும் விரல்களை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "கண்ணு மங்கினா என்ன, கை மங்கல பாருங்க. போன வாரம் போட்டத இன்னைக்குத் தடவிப் பாத்தேன். சின்ன வயசுல போட்ட மாதிரி இருக்கு." அவர் என்ன சொன்னார். சோறு போடு என்றிருப்பார். அவள் முகம் எப்படி இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அவர் பார்த்தார், சந்தோஷம்தான். ஆனால் வேறொரு நாள் வாசல் வெளிச்சத்தில் ஒரு கிழிந்த துண்டை வைத்துத் தைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளே. தைப்பாள், தூக்கிப் பார்ப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள். என்ன செய்கிறாய் என்றதற்கு ஒன்றுமில்லை என்று மடித்து வைத்துவிட்டாள். ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம். வீட்டில் கோணலாக வருகிற தையல் ஹாலில் மட்டும் எப்படிச் சீராக வருகிறது என்று பார்த்தாளா. தெரிந்துகொண்டுதான் மறுபடி மேடு ஏறினாளா, பிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்து தைத்தாளா. தெரியாமல் ஏமாந்து செத்தாள் என்றால் ஒரு மாதிரி இருக்கிறது, தெரிந்து செத்தாள் என்றால் அதைவிட மோசமாக இருக்கிறது. இரண்டில் எது என்று இனிமேல் கேட்பதற்கு ஆள் இல்லை. எவனோ ஒருத்தன் அவள் தையலைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். எவனும் தூங்கவில்லை. பழைய போர்வைகளில் இருந்திருக்கலாம், கண் நன்றாக இருந்த காலத்துப் போர்வைகளில். அவையெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனையோ பேர் சாவு பட்டு, கிழிந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொளுத்துகிற குழியில் எரிந்திருக்கும். அங்கேயும் கிருமிதான். அவளை எங்கே தேடிப் போனாலும் யாரோ ஒருத்தர் முன்னாலேயே கொளுத்தி முடித்திருக்கிறார்கள்.

டீச்சர் டீத் தட்டோடு வந்தது. அவருக்கு முன்னால் ஒரு டம்ளரை நீட்டியது. சர்க்கரை போடாதது, அந்தம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. "டீச்சர், அவளை எதுக்குக் கதவுப் பக்கம் உக்கார வச்சீங்க." இதைத்தான் கேட்க வந்தார், கேட்டும்விட்டார், ஆனால் கேட்கிறபோதே இது சின்னக் கேள்வியாகிவிட்டது என்று தெரிந்தது. டீச்சர் தட்டைக் கீழே வைத்தது. "வெளிச்சத்துக்குத்தாண்ணே. மேல கண்ணாடி இருக்குது பாருங்க. இந்த ஹால்ல அந்த இடத்துலதான் வெளிச்சம் விழும். அவங்களுக்குக் கண்ணு தெரியல. உள்பக்கம் உக்காருங்கன்னு மழை நாள்ல எத்தனையோ தடவ சொன்னேன். இருட்டா இருக்குதுன்னு அவங்கதான் வரல." கதவுக்கு மேலே ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. இத்தனை வாரம் அவர் அதைப் பார்க்கவில்லை, அதிலிருந்து விழுகிற வெளிச்சத்தில்தான் தைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வேண்டாம், இதை விட்டுத் தொலைக்கக் கூடாது, வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு பல்பு போட்டிருக்கலாம், கதவுக்கடியில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்திருக்கலாம். ஒரு சாக்கு. ஃபேக்டரியில் கேட்டிருந்தால் அவரே கொண்டுவந்து கொடுத்திருப்பார். அவரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை, ஆனால் அது வேறு, அவரை யாரும் கேட்கவில்லை. "பிரிச்ச நூல் எங்க" என்றார். டீச்சர் லில்லியைப் பார்த்தது. லில்லி டீயைப் பார்த்தாள். "அவ போட்டது. பிளேடு வச்சுப் பிரிச்சீங்கல்ல. அந்த நூல் எங்க." "அண்ணே, அது பொடிப்பொடியா வரும். அத யாரு எடுத்து வைக்கிறது." "என்ன பண்ணுவீங்க." டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்தது. பொய் சொல்ல நினைக்கிறது என்று அவர் பார்த்தார். சொல்லவில்லை. "அடுப்புல போட்டுருவேன்." மைமூன் பீவி, "யா அல்லாஹ்" என்று மூச்சுக்குள் சொன்னார். "அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதாண்ணே செஞ்சேன். நீ தச்சது சரியில்ல, இனி வராதேன்னு சொல்லிருந்தா அவங்க அன்னைக்கே படுத்திருப்பாங்க. பெருந்தையல் போட்டா கம்பளி ஒருவாட்டி துவைச்சாலே திரண்டு போயிரும்ணே, போத்துறவங்களுக்குக் குளிரும். நான் என்ன செஞ்சிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க." நியாயம் பேசுகிறவர்களிடம் அவர் எப்போதும் தோற்றுத்தான் போயிருக்கிறார். அண்ணனும் நியாயம் பேசினான், பலாமரம் வேர் விட்டுச் சுவரைப் பிளக்கிறது என்றான். சூப்பர்வைசரும் பேசினான், படிக்காதவனை எப்படி மேலே போடுவது என்றான். எல்லோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, போனது மட்டும் எப்போதும் அவருடையது.

டீ ஆறியது. அவர் குடிக்கவில்லை. மூட்டைக்கு எடுக்கிற மாதிரி நூலை இரட்டையாக எடுத்தார், மெழுகில் ஓட்டினார், மிச்சமிருந்த ஒரு சாணைத் தைக்க ஆரம்பித்தார். ஒரு தையல், ஒரு முடிச்சு. ஒரு தையல், ஒரு முடிச்சு. மூட்டை வாய் அவிழாமல் இருக்கப் போடுகிற இரட்டை முடிச்சு, இழுத்து இறுக்கிப் பல்லால் கடித்து இன்னும் இறுக்கினார், வாயில் பழைய துணி வாசனை, மெழுகு வாசனை, யார் வீட்டுப் பெட்டியிலேயோ இருந்த பாச்சை உருண்டை வாசனை. கை நடுங்கியது. எப்போதிருந்து நடுங்குகிறது இந்தக் கை, அவள் கை நடுங்கியது மாதிரியே நடுங்குகிறது, இன்னும் கொஞ்ச நாளில் இதுவும் டம்ளரைப் பிடிக்காது, அப்போது அவருக்கு யார் பிடிப்பார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆளில்லாமல் கிடக்கிறவர்களில் அவரும் ஒருவராகிக் கிடப்பார், யாரோ ஒரு ஆயா ஒட்டுப்போர்வை ஒன்றைக் கொண்டுவந்து மேலே போடுவாள், அதில் எல்லாத் தையலும் டீச்சர் தையலாக இருக்கும். மறுபடியும் முடிச்சு. பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து சால்வையை மாட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் கதவைத் திறந்து போனார்கள், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மலை உள்ளே வந்துவிட்டுப் போனது. லில்லி மட்டும் நின்று, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். துணி சுருங்கி, முடிச்சுகள் புடைத்து, தழும்பு மாதிரி நின்றது அந்த ஒரு சாண். "டீச்சர், இதப் பிரிக்கணும்னா துணிதான் கிழியும்." எதிர்ப்பக்கம் நின்று கட்டை அவிழ்க்கக் காத்திருந்த டீச்சர், "பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றது. இரண்டு பேருமாகச் சட்டத்தின் கயிற்றை அவிழ்த்தார்கள். போர்வை தளர்ந்து மடிந்து இறங்கியது. அவர் எழுந்தார், முக்காலி காலியாயிற்று, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகலாம். போய் என்ன செய்வது. உள்ளே விளக்கு எரிந்தது. கீழே பஜாரில் கடைகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டன, இடையில் மூடுபனி புகுந்து அவற்றைத் துடைத்தது. உள்ளே பிளேடு எடுத்திருக்கும். பிரிக்கட்டும். ஒவ்வொரு முடிச்சாகப் பிரிக்கட்டும், நகம் பெயரட்டும், விரலில் ரத்தம் வரட்டும், மஞ்சள் துண்டில் ஒரு சொட்டு அவருடையது இருக்கிறது, பக்கத்தில் அந்தம்மாவுடையதும் ஒன்று விழட்டும். காதைத் தீட்டிக் கேட்டார். டக் என்று ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது. பிறகு வரவில்லை. பிறகு வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் பூட்டும் டார்ச்சுமாக வெளியே வந்தபோது படியில் அவரைப் பார்த்துவிட்டு நின்றது. "போகலையாண்ணே. பனி இறங்குது." "பிரிச்சாச்சா." "இல்ல. ஒரே ஒரு முடிச்ச எடுத்துப் பாத்தேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன். உங்க தையல் அப்படியே இருக்குது, அப்படியே போகட்டும் ஆஸ்பத்திரிக்கு." சொல்லிவிட்டு அந்தம்மா காத்திருந்தது. இத்தனை வயதில், இந்தக் குளிரில், ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கிற மாதிரிக் காத்திருந்தது. நெஞ்சுக்குள் ஏதாவது இளகுகிறதா என்று வேதமாணிக்கமும் காத்திருந்து பார்த்தார். இளகவில்லை. "என் தையல் எனக்கெதுக்கு டீச்சர். அவ தையலக் கொடுங்க." "அது எங்கிட்ட இல்லையேண்ணே." "தெரியும்." "அப்புறம் நான் என்னதான் செய்யட்டும்." "கொடுங்க" என்றார். வேறு சொல் அவரிடம் இல்லை. டீச்சர் பூட்டைப் போட்டது, இழுத்துப் பார்த்தது. "அடுத்த வாரம் புதுப் போர்வை ஏத்துறோம். அந்த முக்காலிக்கு ஆள் போடல. நீங்க வரதுன்னா வாங்க." டீச்சர் டார்ச்சைப் போட்டது. "எந்திரிங்க, வளைவு வரைக்கும் டார்ச் அடிக்கிறேன், கீழ படி உடைஞ்சு கிடக்குது." அதற்கும் அவர் அசையவில்லை. டீச்சர் மெதுவாகப் படி இறங்கிப் போனது, வெளிச்சம் முன்னாலும் ஆள் பின்னாலுமாக. வளைவில் போய் நின்று திரும்பி, அவர் இறங்க வேண்டிய படிகளின் மேல் வெளிச்சத்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டது. பூட்டிய கதவுக்கடியிலிருந்து காற்று வந்து அவர் இடுப்பைச் சுற்றியது. உடைந்த படி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. வெளிச்சம் கொஞ்சம் நடுங்கியது, அந்தம்மாவுக்கும் கை நடுங்குகிறது. நிற்கட்டும். அவர் எழவில்லை. அந்தம்மா போகவும் இல்லை.